‘எங்க வூட்டுக்குள்ள நாங்க போக யாரைக் கேக்கணும்?’ - வாடகை வீட்டைப் பார்வையிடுவது பற்றி ஒரு வழக்கறிஞரின் பதில்

காட்பாடி காந்தி நகரில் மாடி வீடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வேலை பெங்களூரில். வீடு அப்பா கட்டியது. அப்பா காலமான பிறகு அம்மாவும் மகனோடு போய்விட்டார். கீழ்வீட்டில் ஒரு வயதான தம்பதி பல வருடமாகக் குடியிருக்கிறார்கள். மாடியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கல்லூரியில் படிக்கும் தங்கையோடு இருக்கிறார். வாடகை மாதம் பிறந்ததும் ஜிபேயில் வந்து விழுந்துவிடுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை என்று வாசகரே எழுதுகிறார். சிக்கல் குளியலறையில். மாடி குளியலறைக்கு நேர் கீழே இருக்கும் படுக்கையறைச் சுவரில் ஓதம் இறங்கி, சுண்ணாம்பு உப்பிக் கையளவு பெயர்ந்து விழுந்திருக்கிறது. கீழ்வீட்டுப் பெரியவர் வாரம் தவறாமல் போன் செய்கிறார்.

வாசகருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். காலை ரயிலில் வந்து இறங்கி மாடிக்குப் போனால், “இப்பத்தான் நைட் டியூட்டி முடிச்சு வந்தேன் சார், சாயங்காலம் வாங்க” என்று பதில் வந்திருக்கிறது. சாயங்காலம் இவருக்கு ரயில். அடுத்த முறை ஊருக்குப் போவதாகச் சொன்னார். அதற்கடுத்த முறை போனை எடுக்கவில்லை. இதற்கிடையில் வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்ற மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு வீட்டை விற்றுவிடலாமா என்ற யோசனையும் உண்டு. புரோக்கர் இரண்டு பார்ட்டி கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

பொறுத்துப் பார்த்து, ராணிப்பேட்டையில் இருக்கும் மச்சானிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வேலை நாள், மாடியில் யாரும் இல்லாத நேரம். மச்சானும் பிளம்பரும் திறந்து பார்த்தார்கள். மச்சான் எல்லா அறையையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஹாலில் கூடுதலாக இரண்டு மெத்தை, ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலி. “ஆஸ்பத்திரிக்கு வர்ற வெளியூர்க்காரங்களுக்கு உள்வாடகை விடுது இந்தப் பொண்ணு” என்று மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டார். நர்ஸுக்கு விஷயம் தெரிந்தது. பூட்டை மாற்றினார். “இன்னொரு தடவை நடந்தால் போலீசுக்குப் போவேன்” என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

வாசகரின் கேள்விகள்: அவர் பூட்டை மாற்றியது தப்பில்லையா? பார்வையிட விடாததற்காகக் காலி செய்யச் சொல்லலாமா? மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில்தான் இருக்கிறது, அதை நிறுத்தினால் வழிக்கு வருவார் என்று மச்சான் சொல்கிறாரே, செய்யலாமா? 11 மாத அக்ரிமென்ட் முடிந்து நாளாகிறது, அப்புறம் அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? கடைசி வரி இது: “எங்க வூட்டுக்குள்ள நாங்க போக யாரைக் கேக்கணும் மேடம்?”

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நர்ஸைத்தான் கேட்க வேண்டும். பத்திரம் உங்கள் குடும்பத்தின் பேரில் இருக்கலாம். வாடகைக்கு விட்ட நாளிலிருந்து வீட்டின் சுவாதீனம், அதாவது அதைக் கையில் வைத்து அனுபவிப்பது, அவருடையது. அத்துமீறல் வழக்கில் பத்திரம் யார் பேரில் என்று யாரும் கேட்பதில்லை, சுவாதீனம் யாரிடம் இருந்தது என்றுதான் கேட்பார்கள். 

அதற்காக உங்களுக்கு உள்ளே போக உரிமையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவில், நியாயமான நேரங்களில் உரிமையாளரோ அவர் அனுப்பும் ஆளோ உள்ளே வந்து வீட்டின் நிலையைப் பார்க்கவும், குறை இருந்தால் எழுதிக் கொடுக்கவும் குடியிருப்பவர் இடம் தர வேண்டும் என்று இருக்கிறது. அதே பிரிவிலேயே, வாடகையை ஒழுங்காகக் கொடுத்து நடப்பவரின் குடியிருப்புக்கு உரிமையாளர் இடையூறு செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கிவிட்டது. அதன் 17-வது பிரிவின்படி குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எதற்காக வருகிறீர்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நீங்கள் இதுவரை செய்தது எல்லாம் ரயிலிலிருந்து இறங்கி ஒரு போன். அதை நோட்டீஸ் என்று எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். ஆகவே, “மூன்று முறை மறுத்துவிட்டார்” என்று நீங்கள் எழுதியிருப்பது சட்டத்தின் கண்ணில் ஒருமுறைகூட மறுப்பு ஆகாது.

எதற்காகப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்

உங்கள் கடிதத்தில் மூன்று காரணங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கசிவு, வங்கி மதிப்பீட்டாளர், வீடு பார்க்க வரும் பார்ட்டி. உங்களுக்கு மூன்றும் ஒன்றுதான், எப்படியாவது கதவு திறந்தால் போதும். சட்டத்துக்கு மூன்றும் வேறு வேறு.

பழுது பார்ப்பதற்கும், வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் சட்டமே வழி கொடுக்கிறது. அக்ரிமென்டில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் நோட்டீஸ் கொடுத்துப் போகலாம். கசிவு இந்த வகை. உங்கள் கை பலமாக இருக்கும் இடமும் இது ஒன்றுதான்.

மற்ற காரணங்களுக்கு, அவை நியாயமானவையாக இருந்து, வாடகை ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருந்தால்தான் உள்ளே போக முடியும். மதிப்பீட்டாளரும் வாங்க வருபவரும் இந்த வகையில் வருகிறார்கள். உங்கள் பழைய அக்ரிமென்டின் நகலைப் பார்த்தேன். இருபது ரூபாய் பத்திரத்தில் டைப் செய்த வழக்கமான வாசகங்கள்தான், ஆணி அடிக்கக் கூடாது என்பது வரை இருக்கிறது, பார்வையிடுவது பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆகவே இந்த இரண்டையும் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் முடியும், அதிகாரமாகச் சொல்ல முடியாது.

கசிவு பார்க்கிற சாக்கில் மதிப்பீட்டாளரையும் புரோக்கரையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிளம்பர் வருவதாகச் சொல்லிவிட்டு நான்கு பேர் வந்து பீரோவைத் திறந்து ஆழம் பார்த்தால், அதோடு அந்தக் கதவு உங்களுக்கு மூடியதுதான்.

மச்சான் செய்தது

இதில் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள், அவர்கள் இல்லாத நேரத்தில், அவர்களுக்கு அறிமுகமில்லாத இரண்டு ஆண்கள் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து, படுக்கையறை வரை போட்டோ எடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது பிளம்பிங் வேலை. வேலையிலிருந்து திரும்பி வந்து பீரோ பக்கத்தில் செருப்புத் தடத்தைப் பார்க்கும் பெண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு அத்துமீறி வீட்டுக்குள் நுழைவது பற்றியது. ஓர் ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குற்றம் செய்யவோ, சுவாதீனத்தில் இருப்பவரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ நினைத்து நுழைந்தார் என்று காட்டினால்தான் அது நிற்கும். குழாய் பார்க்கப் போனோம் என்பது உங்களுக்கு நல்ல பதில்தான். ஆனால் ஹால், மெத்தை, சக்கர நாற்காலி எல்லாம் போட்டோவில் இருக்கும்போது அந்தப் பதில் பாதி வலுவிழந்துவிடுகிறது. அவர் புகார் கொடுத்து ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான பதிவு ரசீது) போட்டால், மச்சான் ராணிப்பேட்டையிலிருந்து வந்து கைகட்டி நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வேலையாக அந்தப் போட்டோக்களைக் குழுவிலிருந்தும் போன்களிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களே, மச்சான் மூலமாக இல்லாமல், நர்ஸுக்கு எழுதுங்கள்: கேட்காமல் உள்ளே வந்தது தவறு, இனி உங்களுக்கு எழுதித் தெரிவிக்காமல் யாரும் வரமாட்டார்கள். இரண்டு வரி போதும். ‘எழுத்தில் கொடுத்தால் நாமே ஒப்புக்கொண்டது போல ஆகாதா’ என்று பயப்படுவீர்கள். நடந்தது அவருக்குத் தெரிந்தாயிற்று, மறுக்க இனி ஒன்றும் இல்லை. மனம் ஆறினால் அவர் ஸ்டேஷன் படி ஏறாமலே விட்டுவிடக்கூடும்.

பூட்டை மாற்றியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். புதிய சாவியில் ஒன்றைக் கேட்டு வாங்கவே வேண்டும் என்றால், உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டு, கீழ்வீட்டுப் பெரியவரிடம் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தீப்பிடித்தது, குழாய் வெடித்தது, கேஸ் வாடை வருகிறது என்றால் மட்டும் அந்த உறையைக் கிழிக்கலாம். அப்போதும் அவருக்குப் போன் போட்டபடியே, ஒரு சாட்சியோடு.

மெத்தையும் சக்கர நாற்காலியும் பற்றி: வேலூரில் யார் வீட்டில்தான் சொந்தக்காரர் வைத்தியத்துக்கு வந்து தங்கவில்லை? உறவினர் வந்து சில நாள் இருப்பது உள்வாடகை ஆகாது. வீட்டையோ அதில் ஓர் அறையையோ காசு வாங்கிக்கொண்டு பிறர் சுவாதீனத்தில் விட்டால்தான் உள்வாடகை. அதற்கு உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். வெளிநாட்டவர் யாராவது தங்குகிறார் என்றால் அது வேறு கதை. 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை தங்க இடம் கொடுப்பவருக்கு உண்டு. ஆனால் அதற்கான எந்த அறிகுறியும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு சக்கர நாற்காலியை வைத்து வழக்குக் கட்டாதீர்கள்.

கதவு திறக்க என்ன வழி

சட்டத்தைவிட இந்தப் பகுதியைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

அவர் ஏன் தட்டிக்கழிக்கிறார் என்று யோசித்தீர்களா? இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருபவருக்கு ஞாயிறு காலை பத்து மணி என்பது நடுநிசி. உங்களுக்கு ஒழியும் ஒரே நேரம் அவர் தூங்கும் நேரம். அதோடு இன்னொன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். கசிவுக்குச் செலவை அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். பல வீடுகளில் கதவு திறக்காததற்குக் காரணம் இதுதான், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

இந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2017 சட்டத்தின் அட்டவணை யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்து வைத்திருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உங்கள் பொறுப்பு. திருகு குழாய், அதன் வாஷர், வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பைப் பழுது, சுவிட்ச், பிளக் பாயின்ட், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் ஓடும் குழாயிலோ தளத்திலோ கசிந்தால், அவர் உடைத்ததாக இல்லாதவரை, செலவு உங்களுடையது. இதை நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். இப்படி:

“வணக்கம். மாடி குளியலறையிலிருந்து கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது. எங்கே கசிகிறது என்று பார்க்க, வரும் வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு நானும் ஒரு பிளம்பரும் வருகிறோம். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவோம். குளியலறையையும் அதை ஒட்டிய சுவரையும் மட்டும் பார்ப்போம், போட்டோவும் அங்கே மட்டும்தான். கசிவு குழாயிலோ தளத்திலோ இருந்தால் செலவு முழுவதும் என்னுடையது. அந்த நேரம் தோதுப்படாவிட்டால் அதே வாரத்தில் உங்களுக்கு ஏற்ற இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள்.”

வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தாளிலும் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். 24 மணி நேரம் என்பது குறைந்தபட்சம்தான். ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு நான்கைந்து நாள் முன்பே கொடுப்பதுதான் முறை. டியூட்டி அட்டவணை எப்போது போடுவார்கள் என்று கேட்டு, அவருடைய ஆஃப் நாளைப் பிடியுங்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். முடிந்தால் உங்கள் அம்மாவையோ தங்கையையோ கூட அழைத்து வாருங்கள். கூட ஒரு பெண் இருந்தால் அவர் கதவைத் திறக்கும் விதமே வேறாக இருக்கும்.

முதல் கட்டச் சோதனைக்கு நீங்கள் மாடிக்குப் போகவே தேவையில்லை என்றும் தோன்றுகிறது. அவர் இரவு டியூட்டிக்குக் கிளம்பும்போது, அவரும் தங்கையும் சம்மதித்தால், குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தை ஈரத்துணியால் இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்திவிட்டு, குழாய்களையும் இறுக மூடிவிட்டுப் போகட்டும். காலையில் மட்டம் கண்ணுக்குத் தெரிந்து இறங்கி, கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் கூடியிருந்தால் தளத்திலும் ஓரங்களிலும்தான் கோளாறு. மட்டம் அப்படியே நின்று, சுவர் மட்டும் நனைந்திருந்தால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். பிளம்பர் கீழ்வீட்டில் நின்றபடியே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். பிறகு மாடிக்குப் போவது பார்ப்பதற்காக இருக்காது, வேலை செய்வதற்காக இருக்கும். வேலை தொடங்கினால் சில நாள் அவர்களுக்குக் குளியலறை இருக்காது. அதற்கு என்ன மாற்று என்பதையும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

மதிப்பீட்டாளருக்குத் தனியாக ஒரு நேரம் கேளுங்கள். அவர் பெயர், எந்த வங்கி, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுங்கள். அரைமணி நேர வேலை, பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வாங்க வரும் பார்ட்டிகள்தான் தொல்லை. வாரம் முழுக்க யாரோ ஒருவர் வந்து சமையலறையை எட்டிப் பார்ப்பதை யார் சகிப்பார்கள்? புரோக்கரிடம் மாடியின் பழைய போட்டோவும் பிளானும் கொடுங்கள். விலை பேசும் அளவுக்கு வந்தவரை மட்டும், மாதத்தில் இரண்டு குறிப்பிட்ட நேரங்களில் காட்ட ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மாதங்களுக்கு வாடகையில் ஐந்நூறோ ஆயிரமோ குறைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸுக்கு ஆகும் செலவைவிட இது குறைவு என்று ஒரு வக்கீலே சொல்கிறேன். விற்றாலும் அவருடைய குடியிருப்பு தானாக முடிந்துவிடாது. வாங்குபவர் உங்கள் இடத்தில் வீட்டு உரிமையாளராக வருவார், அவ்வளவுதான். இதையும் அவரிடம் சொல்லுங்கள், பாதிப் பதற்றம் குறையும்.

மோட்டாரும் காலி செய்வதும்

மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியத் தேவைகளை நிறுத்துவதை 2017 சட்டத்தின் 20-வது பிரிவு தடை செய்கிறது. இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் நர்ஸ் ஒரு மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவே வரும். அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அன்றோடு போய்விடும்.

காலி செய்யச் சொல்வதற்கு 21-வது பிரிவில் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. வாடகை பாக்கி, சம்மதமின்றிப் பிறருக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவை. பார்வையிட விடவில்லை என்பது மட்டுமே தனிக் காரணமாக அதில் இல்லை. அதுவும் வாடகை நீதிமன்றம் உத்தரவிட்டால்தான்.

11 மாத விஷயத்தில் உங்களுக்கு மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தாண்டுவதற்காக வந்த பழக்கம் அது. இப்போது 2017 சட்டப்படி எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடமும் பதிவாக வேண்டும், 11 மாதம் என்பதால் தப்பிக்க முடியாது. காலம் முடிந்த பிறகும் மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே அவர் அத்துமீறிக் குடியிருப்பவர் இல்லை, வாடகைதாரர்தான். ஒப்பந்தம் எழுத இருவரும் ஒத்துவராமல் போவது காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாகலாம். நீங்கள் இன்னும் அவரை எழுதக் கூப்பிடவே இல்லையே.

முறையாக இரண்டு மூன்று நோட்டீஸ் கொடுத்தும், மாற்று நேரம் கேட்டும் அவர் பதிலே சொல்லாவிட்டால், அந்த நோட்டீஸ்கள், கீழ்வீட்டுச் சுவரின் போட்டோ, பிளம்பர் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றோடு வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி அவர். உங்கள் மனுவை எந்த அலுவலகத்தில் வாங்குவார்கள் என்று சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்கள் போக வேண்டாம், இது அவர்கள் தீர்க்கும் விவகாரம் இல்லை. கீழ்வீட்டுப் பெரியவருக்கும் இதையெல்லாம் ஒரு வரியில் எழுதித் தெரிவித்து வையுங்கள். பழுது பார்க்காததற்கு அவர் உங்கள் மேலேயே மனு கொடுக்கலாம், அப்போது நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

கசிவு சரியான பிறகு, உட்கார்ந்து புது ஒப்பந்தம் எழுதுங்கள். பார்வையிடுவதற்கு இந்த வரிகளைச் சேர்க்கலாம்: “பழுது பார்க்கவும், ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டின் நிலையைப் பார்க்கவும், வங்கி மதிப்பீட்டுக்கும், விற்பனைக்காகக் காட்டவும் உரிமையாளர் மூன்று நாள் முன் எழுத்தில் தெரிவித்து, வாடகைதாரர் ஒப்பும் நேரத்தில் வரலாம். வாடகைதாரரோ அவர் சொல்லும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும்.” இரு தரப்பும் கையெழுத்திட்டு, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிந்து, வரும் எண்ணைக் குறித்துவைத்து, அசலில் ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.